இரண்டு மருந்துச் சீட்டுகள்

அன்புள்ள ஐயா,

ஏடிஎச்டி என்ற கவனக் குறைபாட்டுக்காக மூன்று வருடமாக மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடுகிறேன். எடை குறைக்க இன்னொரு டாக்டர் ஃபென்டெர்மின் எழுதிக் கொடுத்தார். பழைய மாத்திரையைப் பற்றி அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது, சொல்லவில்லை. காலையில் ஃபென்டெர்மின், மதியம் பழைய மாத்திரை என்று பத்து நாளாகிறது. உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. இப்படி இடைவெளி விட்டால் போதும்தானே? இல்லை, மூலிகை மாத்திரைக்கு மாறிவிடட்டுமா?

கே.

அன்புள்ள கே.,

போதாது. ஃபென்டெர்மினின் அரை ஆயுள் ஏறத்தாழ 20 மணி நேரம். இன்று காலையில் போட்டதில் பாதி, மறுநாள் விடியற்காலையிலும் உடம்பில் இருக்கும். அது, இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் நார்அட்ரினலினை நரம்புகளிலிருந்து வெளியே தள்ளுகிறது. உங்கள் மதிய மாத்திரை, வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே போகவிடாமல் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தமும் துடிப்பும் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். மூலிகைப் பேச்சை விடுங்கள். எடை குறைக்க விற்ற எபெட்ராவும் மூலிகைதான், 2004ல் அமெரிக்காவில் தடை செய்தார்கள்.

‘உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

ஃபென்-ஃபென் என்று ஒரு கூட்டு மருந்து இருந்தது. ஃபென்ஃப்ளூரமினும் இதே ஃபென்டெர்மினும். ஒன்று தூக்கம் வரவைக்கும், மற்றது தூக்கத்தை விரட்டும். சேர்த்துக் கொடுத்தால் இரண்டின் தொந்தரவும் அடங்கும், அளவையும் குறைக்கலாம் என்பது கணக்கு. இதைச் சோதித்து 1992ல் வெளியான ஆய்வில் இருந்தவர்கள் 121 பேர். அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ தனித்தனியாகத்தான் அனுமதி கொடுத்திருந்தது, சேர்த்துக் கொடுக்க ஒருநாளும் கொடுக்கவில்லை. ஆனாலும் 1996ல் மட்டும் அங்கே இந்த மருந்துகளுக்கு 1 கோடியே 80 லட்சம் சீட்டுகளுக்கு மேல் எழுதப்பட்டன. சாப்பிட்டவர்களுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

அமெரிக்காவில் ஃபார்கோ என்ற ஊரில் எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தின் படம், எடுக்கும் ஒரு பெண், சில நோயாளிகளின் இதய வால்வுகள் விசித்திரமாகத் தடித்திருப்பதைக் கவனித்து, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். 1997ல் ஃபென்-ஃபென் சாப்பிட்ட 24 பெண்களின் வால்வுக் கோளாறு பற்றிய அறிக்கை வந்தது. யாருக்கும் முன்பு இதயநோய் கிடையாது. அப்புறம் இந்த மருந்துகளைச் சாப்பிட்டு, எந்தத் தொந்தரவும் சொல்லாத 291 பேரின் எக்கோக்களைச் சேர்த்துப் பார்த்தபோது, கிட்டத்தட்ட 30 சதவீதம் பேரின் வால்வில் கோளாறு. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள்! அந்த செப்டம்பரிலேயே ஃபென்ஃப்ளூரமினைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வால்வைக் கெடுத்தது ஃபென்ஃப்ளூரமின், உங்களிடம் இருப்பது அது அல்ல. ஆனால் ரத்த அழுத்தமும் சொல்லிக்கொண்டு ஏறுவதில்லை. இந்தப் பத்து நாளில் ஒருமுறையாவது பார்த்தீர்களா? பார்க்காமல் எப்படி ‘ஒன்றும் செய்யவில்லை’ என்று எழுதினீர்கள்?

என் தங்கை இப்படித்தான் இருந்தாள். தூக்கம் வராமல் இருக்க ஒரு மாத்திரை, பசி அடங்க ஒன்று. இரண்டையும் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தாள். இளைத்துவிட்டாயே, நன்றாக இருக்கிறாய் என்று வாய் நிறையச் சொன்னவன் நான்தான். ஒருநாள் மாலை அவள் தண்ணீர் குடிக்கும்போது தம்ளர் பல்லில் பட்டுக் கிடுகிடுவென்று அடித்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். எண்ண முடியவில்லை, அவ்வளவு வேகம். அவளோ, “எனக்கு ஒன்றுமில்லை அண்ணா” என்கிறாள். சத்தியமாக அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கே., அடுத்த மாத்திரையைத் தொடுவதற்கு முன் இரண்டு டாக்டர்களுக்கும் போன் செய்யுங்கள். ரத்த அழுத்தம் பாருங்கள். நெஞ்சு வலித்தாலோ படபடத்தாலோ போனுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லையா? சரி, இரண்டு பெயர்களையும் ஒரு தாளில் எழுதி மேசை மேல் நீட்டுங்கள். என் தங்கை அப்படித்தான் செய்தாள்.