அந்த ஒரு வருடம் படிப்பில் சேர்த்தியா?

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். எனக்குக் குடியாத்தம், லுங்கி வியாபாரம். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு வேதியியல் படிக்க ஆசைப்படுகிறாள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. நான்கு வருடப் பட்டம். அதில் மூன்றாம் வருடம் முழுக்க வகுப்பே கிடையாதாம், வேலைக்கு அனுப்புவார்களாம். ராணிப்பேட்டைப் பக்கம் டேனரி, அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்துச் சோதனைக்கூடம் என்று சொன்னார்கள். மாதம் உதவித்தொகையும் உண்டாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஃபீஸ் கட்டுவது நாங்கள், வேலை வாங்குவது அவர்களா? ஒரு வருடம் வீண்தானே? பெண் பிள்ளையை அந்த நாற்றத்துக்குள் அனுப்பவா படிக்க வைக்கிறேன்? என் மைத்துனர் இங்கிலாந்தில் இதெல்லாம் சகஜம் என்கிறார். நீங்கள் டிப்ளமோ படித்துத் தொழிற்சாலையில் இருந்தவர். உங்கள் யோசனை வேண்டும்.

பெயர் வேண்டாம், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் கல்லூரியில் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த வருடம் முழுவதும் உங்கள் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் யார்? பதவியைச் சொன்னால் போதாது, ஆளைச் சொல்ல வேண்டும். அது படிப்பா கூலியா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

வீண் என்கிறீர்கள். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் நிற்காத குடும்பம் உண்டா? நடுராத்திரியில் கூப்பிட்டாலும் வார்டுக்கு ஓடி வருகிற இளம் பிள்ளைகளில் பலர் ஹவுஸ் சர்ஜன்கள். எம்.பி.பி.எஸ். நாலரை வருடப் படிப்பு, அப்புறம் பன்னிரண்டு மாதம் கட்டாயப் பயிற்சி. அது முடியாமல் முழு டாக்டராகப் பதிவு கிடையாது. அந்த வருடத்தை வீண் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்தில் பெரிய டாக்டர் நிற்கிறார், தப்பு செய்தால் பிடிப்பார் என்று நமக்குத் தெரியும். வேதியியல் படிக்கிற பெண்ணுக்கும் அப்படி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் படித்தது சாண்ட்விச் டிப்ளமோ. மூன்றரை வருடம். அதில் ஆறு மாதம் ஒருமுறை, அப்புறம் இன்னொரு ஆறு மாதம், ஆக மொத்தம் ஒரு வருடம் தொழிற்சாலையில். முதல் ஆறு மாதம் ராணிப்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப். லேத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மூத்த டர்னர். அண்ணன் என்று கூப்பிடுவேன். ஒருநாள் அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நானே ஒரு தண்டைக் கடைந்து முடித்தேன். நூறு மில்லிமீட்டர் விட்டம். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் அளவு அச்சாக இருந்தது. பெருமையோடு ஓ.கே. போட்டு அனுப்பிவிட்டேன்.

பதினோரு நாள் கழித்து அது திரும்பி வந்தது. பேரிங் லூசாக உட்காருகிறது என்று அசெம்ப்ளியில் ஒதுக்கிவிட்டார்கள். அண்ணன் அளந்து பார்த்தார். ஐம்பது மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, குறைவு. திட்டவில்லை. "சூட்டோட அளந்தியாடா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் பன்னிரண்டு மைக்ரான் நீளும். நூறு மில்லிமீட்டர் தண்டு நாற்பது டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் கிட்டத்தட்ட ஐம்பது மைக்ரான் பெரிதாகக் காட்டும். ஆறியதும் சுருங்கிவிடும். இந்தக் கணக்கைப் பரீட்சையில் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். தண்டு கையைச் சுட்டபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைக்குப் பிறகு மறந்ததும் இல்லை.

இதில் நான் உங்களுக்குச் சொல்ல வருவது அந்தப் பதினோரு நாளைப் பற்றி. பத்து நாள் பயிற்சிக்கு மட்டும் போயிருந்தால், தண்டு திரும்பி வருவதற்குள் சான்றிதழோடு வீட்டுக்கு வந்திருப்பேன். நான் கடைந்த தண்டு சரியான தண்டு என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பேன். நாம் செய்த தப்பு நம்மிடமே திரும்பி வரும்வரை ஒரு இடத்தில் இருக்க வேண்டும். அதற்குத்தான் மாதக்கணக்கு தேவைப்படுகிறது.

இப்போது உங்கள் மகள் போகப்போகிற இடத்துக்கு வருவோம். டேனரிக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. நம் மண்ணில் பிறந்த வழக்கு. அந்தக் கழிவைச் சோதனைக்கூடத்தில் தினமும் அளந்து பார்க்க ஆள் வேண்டாமா?

வகுப்பில் சோதிக்கக் கொடுக்கிற மாதிரித் தண்ணீருக்கு விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். நிலையத்தில் யாருக்கும் தெரியாது. பி.ஓ.டி. சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கழிவைத் தின்று செரிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்ப்பது. நம் நாட்டு முறைப்படி பாட்டிலை 27 டிகிரியில் மூன்று நாள் வைக்க வேண்டும். விடை வரும்போது அந்தத் தண்ணீர் எங்கேயோ போயிருக்கும். அதனால் டைக்ரோமேட் என்ற ரசாயனத்தோடு இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து ஆக்சிஜன் தேவையைப் பார்க்கிற சி.ஓ.டி. அளவை வைத்து, மூன்று நாள் கழித்து வரப்போகும் எண்ணை இன்றைக்கே ஊகிக்கப் பழக வேண்டும். ஊகித்ததை எழுதி வைத்து, நான்காம் நாள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். என் தண்டு மாதிரியே இதுவும் தாமதமாகத் திரும்பி வருகிற விடை.

தோலை வழக்கமான முறையில் குரோமியம் போட்டுப் பதனிட்டால் அதில் அறுபது, எழுபது சதவீதம்தான் தோலில் ஏறும், மிச்சம் தண்ணீரில் வரும். பக்ரீத் முடிந்தால் தோல் வரத்து கூடும். கழிவுநீர் மழையில் ஒரு விதம், கத்திரி வெயிலில் இன்னொரு விதம். இதையெல்லாம் ஒரு சுற்று பார்க்க ஒரு வருடம் வேண்டும். நாற்றம் இருக்கும், மறைக்கவில்லை.

சரி, எனக்குக் கிடைத்த இரண்டாவது ஆறு மாதத்தையும் சொல்லியாக வேண்டும். அது வேறொரு தொழிற்சாலை. ஸ்டோர்ஸில் ரிஜிஸ்டர் எழுத உட்கார வைத்தார்கள். டீ வாங்கி வரச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் ஒரு மெஷினைக்கூட நான் தொடவில்லை. கல்லூரியிலிருந்து ஒருவரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து என் ரெக்கார்டை எழுதிக் கொடுத்தேன், சான்றிதழில் "மிக நன்று" என்று வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. வீட்டில் கஷ்டப்பட்டுக் கட்டிய பணம் அது. உங்கள் பயம் நியாயமானது என்று நான் சொல்வது அதனால்தான்.

உங்கள் மைத்துனர் சொல்வது உண்மை. இங்கிலாந்தில் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரி 1903-இலேயே இப்படி ஆரம்பித்தது. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906-இல் தொடங்கினார். அவ்வளவு தூரம் போக வேண்டாம், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்து வருட சாண்ட்விச் பி.இ. நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். இப்போது பல்கலைக்கழக மானியக் குழுவும் (யுஜிசி) 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பட்டத்துக்குள்ளேயே தொழிற்பயிற்சியைச் சேர்க்க வழி செய்கிறது. இங்கிலாந்தில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். வேலைக்குப் போகிற வருடத்தில் பல்கலைக்கழகம் முழு வருடக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது. உங்கள் கல்லூரி அந்த வருடத்துக்கு எவ்வளவு கேட்கிறது? முழு ஃபீஸ் என்றால், எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கல்லூரி ஆசிரியர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பார் என்று கேளுங்கள். தொழிற்பயிற்சிச் சட்டம் 1961-இன் கீழ் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்வார்களா என்றும் கேளுங்கள். அந்தப் பதிவு இருந்தால் உதவித்தொகை, வேலை நேரம், அடிபட்டால் நஷ்டஈடு எல்லாம் சட்டத்துக்குள் வரும். அந்தச் சட்டம் பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கொடுக்கக் கட்டாயப்படுத்தாது, அதை மகளுக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி மட்டும் கூச்சப்படாமல் கேளுங்கள். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்ததை நாம் மறக்கவில்லை. முடி நீக்கப் போடும் சல்பைடு தண்ணீரோடு அமிலத் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், மூடிய தொட்டிக்குள் அது ஆளைக் கொன்றுவிடும். மாதிரி எடுக்க அவளைத் தனியாக அனுப்புவார்களா, வாயு அளக்கும் கருவி உண்டா, தொட்டிக்குள் இறங்கச் சொல்வார்களா என்று கேளுங்கள். இறங்கச் சொன்னால் மறுத்துவிட வேண்டும் என்று மகளிடம் சொல்லி வையுங்கள்.

நல்ல பதில் கிடைத்தால் தயங்காதீர்கள். மூன்றாம் வருடம் முடிந்து அவள் மறுபடி வகுப்புக்குத்தான் வரப்போகிறாள், அது இந்தப் படிப்பின் பெரிய நல்லது. எனக்கு முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு செமஸ்டர் கிடைத்தது. அளவியல் வகுப்பில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன், அதுவரை உட்கார்ந்ததே இல்லை.

ஒப்பந்தத்தின் நகல் கொடுத்தார்கள் என்றால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். வரிவரியாகப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்