சீல் பயிற்சியில் வலுவானவர்களே ஏன் பாதியில் விலகுகிறார்கள்?

நீச்சலிலும் ஓட்டத்திலும் தேறிய இளைஞர்கள் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் பிரிவில் சேர்வதற்கான பயிற்சியை ஏன் பாதியில் கைவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உடல் தளர்வதற்கு முன்பே எதிர்காலத்தைப் பற்றிய பயம் அவர்களைச் சாய்த்துவிடுகிறது என்பேன்.

இந்தப் பயிற்சியின் மிகக் கடினமான கட்டம், கலிபோர்னியாவின் கொரனாடோ கடற்கரையில் நடக்கும் ‘நரக வாரம்’. அது ஞாயிறு மாலை தொடங்கி வெள்ளி வரை நீளும். அத்தனை நாளுக்கும் சேர்த்துக் கிடைக்கும் தூக்கம் சுமார் 4 மணி நேரம்தான். ரப்பர் படகைத் தலையில் சுமந்தபடி ஓட வேண்டும். கைகோத்துக்கொண்டு அலையில் படுத்து, குளிரில் பற்கள் தந்தியடிக்கக் கிடக்க வேண்டும். விலகுவதற்கோ வழி மிக எளிது. பித்தளை மணியை மூன்று முறை அடித்துவிட்டு, தலைக்கவசத்தைத் தரையில் வரிசையில் வைத்தால் போதும்.

மணியடிப்பவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே அடித்துவிடுகிறார்கள். தோல் உரிந்து, கால் வீங்கிய கடைசி நாளில் விலகுபவர்கள் அரிது. அப்போதைய குளிரைவிட, ‘இன்னும் நான்கு இரவு இருக்கிறதே’ என்ற கணக்குத்தான் ஆளை வீழ்த்துகிறது. தாக்குப்பிடிப்பவர்கள் அடுத்த வேளைச் சாப்பாடு வரைக்குமே யோசிக்கிறார்கள்; படகின் மறுபக்கத்தைத் தாங்குபவனைக் கைவிடக் கூடாது என்ற எண்ணமும் அவர்களை விலகவிடாமல் தாங்குகிறது.

விலகியவர்களைக் கோழைகள் என்பதை நான் ஏற்கமாட்டேன். நோயை மறைத்துக்கொண்டு ஓடுவதை மன உறுதியாகக் கொண்டாடுவதும் ஆபத்து. 2022 பிப்ரவரியில் நரக வாரத்தை முடித்த ஒருவர், சில மணி நேரத்திலேயே நிமோனியாவால் இறந்தார். அதன் பிறகு கடற்படை மருத்துவக் கண்காணிப்பைக் கடுமையாக்கியது.