எந்த விதை போட்டால் மான் வரும்? விஸ்கான்சினில் 20 ஏக்கர் வாங்கியவருக்கு ஒரு பதில்

கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 20 ஏக்கர் காட்டு நிலம் வாங்கியிருக்கிறோம். வேட்டைக்கு மான் வர வேண்டும். எந்த விதை போடலாம்?

விதையைக் கடைசியில் பார்ப்போம். நானும் இதே கேள்வியில் தொடங்கித்தான் இரண்டு வருஷத்தை வீணாக்கினேன்.

அதற்கு முன், ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். உங்கள் தோட்டத்துக்குள்ளேயே வந்து மேய்ந்தாலும் அதேதான். இங்கே கதை வேறு. வெள்ளைவால் மான் பெருகிக் கிடக்கிறது. லைசென்ஸ், சீசன், டேக் (சுடும் மானுக்கான அனுமதிச் சீட்டு) என்று கணக்கு வைத்து மாநில அரசே சுடச் சொல்கிறது. அதனால் இந்தப் பதில் விஸ்கான்சினுக்கு மட்டும்.

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் 40 ஏக்கர் வாங்கினோம். பனியுகத்தில் பனிப்பாறை மூடாமல் விட்ட பகுதி அது. அதனால் மற்ற இடம்போலத் தட்டையாக இல்லாமல் மேடும் ஓடையுமாக இருக்கும். சிறுமலை அடிவாரத்தில் வளர்ந்த எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. முதல் வருஷம் கடைக்குப் போய், பெரிய கொம்பு வைத்த மான் படம் போட்ட விதைப்பை ஒன்றை வாங்கினேன். டிராக்டர் போகச் சுலபமாக இருந்ததால் ரோட்டோரம் கொட்டகைக்குப் பக்கத்தில் உழுது விதைத்தோம். மஞ்சள் பூத்த மாதிரி நாலு இலை வந்து அப்படியே நின்றுவிட்டது. அப்புறம்தான் மண் பரிசோதனைக்கு அனுப்பினோம்: பிஹெச் 5.4, அதாவது மண்ணில் அமிலம் அதிகம். குளோவர் என்ற தீவனச்செடி நன்றாக வர 6-க்கு மேல் வேண்டும். சுண்ணாம்பு போடாமல் விதைத்தது, உலை கொதிக்குமுன் அரிசியைப் போட்ட கதைதான்.

இரண்டாவது வருஷம் ஏக்கருக்கு இரண்டு டன் சுண்ணாம்பு போட்டோம். பச்சைப்பசேலென்று வந்தது. மானும் வந்தது, ஆனால் ராத்திரி பதினொன்றுக்கும் விடிகாலை நாலுக்கும் நடுவில். மான் கடந்தால் தானாகப் படம் எடுக்க மரத்தில் கட்டிவைத்த டிரெயில் கேமராவில் ஒரு படம்கூட வெளிச்சத்தில் இல்லை. சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில் சட்டப்படி துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். ஆக, ஊரிலுள்ள மானுக்கெல்லாம் அன்னதானம் செய்துவிட்டு நாங்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினோம்.

பக்கத்து நிலத்துக்காரர் எழுபது தாண்டிய பெரியவர், பால் பண்ணை வைத்திருந்தவர். ஒருநாள் அவரைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். நடுவில் நின்று, "முட்டி போட்டு உட்கார்" என்றார். உட்கார்ந்தேன். "எவ்வளவு தூரம் தெரிகிறது?" நூறு கஜத்துக்கு மேல் தெரிந்தது. தலைக்கு மேல் மேப்பிள் கிளைகள் கூரை வேய்ந்தாற்போல மூடியிருக்க, கீழே உதிர்ந்த இலையைத் தவிர ஒன்றுமில்லை. முன்பு இருந்தவர்கள் பல வருஷம் மாட்டை அங்கேதான் மேயவிட்டார்களாம், அடிச்செடி எல்லாம் போய்விட்டது. "மனுஷன் உலாவ நல்ல இடம். மான் எங்கே படுக்கும்?" என்றார்.

நான் விதைக்குச் செலவழித்த நேரத்தில் யோசித்திருக்க வேண்டியது இதைத்தான். மான் ஆடு மாடு போல அசைபோடும் பிராணி. கொஞ்சம் மேயும், அப்புறம் ஒதுங்கிப் படுத்து அசைபோடும். பகலில் பெரும்பாலும் படுக்கைதான். படுக்கும் இடம் உங்கள் நிலத்தில் இருந்தால் பகல் வெளிச்சத்தில் எழுந்து நடமாடுவதும் அங்கேயே. பக்கத்து நிலத்தில் படுத்தால் உங்களிடம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் வரும். அதோடு, அது புல் மட்டுமே தின்று வாழ்வதில்லை. மொட்டு, குச்சி நுனி, களைச்செடி, முள்ளுப்பழச் செடி என்று நுனிநுனியாகக் கடித்துக்கொண்டே போகும். தரையிலிருந்து ஐந்தடி உயரம், அவ்வளவுதான் அதன் உலகம். அந்த ஐந்தடியில் எங்கள் காட்டில் ஒன்றுமே இல்லை.

ஆகவே முதல் கருவி செயின்சா. பிப்ரவரியில் தெற்குப் பார்த்த சரிவில், குளிர்காலத்திலும் வெயில் விழும் இடமாகப் பார்த்து, அரை அரை ஏக்கர் துண்டாக அங்கங்கே திறந்துவிட்டோம். அயர்ன்வுட், பாஸ்வுட், பாக்ஸ் எல்டர், குச்சி மேப்பிள் எல்லாம் போனது. ஓக்கைத் தொடவில்லை. வெள்ளை ஓக் கொட்டை பூத்த வருஷமே பழுத்து விழும், கசப்பும் குறைவு, மானுக்கு உயிர். சிவப்பு ஓக் கொட்டை பழுக்க இரண்டு வருஷம் எடுக்கும், கசப்பும் கூட. ஆனால் வெள்ளை ஓக் கைவிட்ட வருஷத்தில் அதுதான் சாப்பாடு. நல்ல ஓக்கைச் சுற்றி நெருக்கும் மரங்களை மட்டும் எடுத்தால் அது கிளை பரப்பிக் காய்க்கும்.

வெட்டிய மறுநாள் காலை போய்ப் பார்த்தால், விழுந்த மரங்களின் உச்சிக் குச்சிகளைச் சுற்றிப் பனியில் ஒரே குளம்புத் தடம். தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி நுனியெல்லாம் கடித்திருந்தது. அடுத்த கோடையில் ராஸ்பெர்ரியும் பிளாக்பெர்ரியும் தானாக முளைத்தன. இரண்டாவது கோடையில் நெஞ்சளவு புதர். அந்த முளைப்புக்கு ஒரு டாலர்கூட விதைச் செலவில்லை.

மரம் வெட்டுவதில் மூன்று எச்சரிக்கை. ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக்கில் கத்தி படக்கூடாது, காயத்தின் வழியே ஓக் வாடல் நோய் ஏறிவிடும். நிலம் வரிச்சலுகைக் காட்டுத் திட்டத்தில் பதிவாகியிருந்தால் உங்கள் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது; மாநில இயற்கைவளத் துறையின் வன அலுவலரைக் கூப்பிட்டு நிலத்தைக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். அப்புறம், மரத்தைப் பாதி வெட்டி உயிரோடு சாய்த்துவிடும் ஒரு முறையை வீடியோக்களில் பார்ப்பீர்கள். பார்க்க விளையாட்டாக இருக்கும். சாயும்போது தண்டு நெடுக்காகப் பிளந்து பின்பக்கம் எகிறி அடித்தால் ஆள் காலி. நான் கூலிக்கு ஆள் வைத்துத்தான் செய்தேன்.

எல்லாப் புதரும் நல்ல புதர் இல்லை. எங்கள் ஓடையோரம் பக்தார்ன் மண்டிக் கிடந்தது. முதலில் அடர்த்தியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான். ஐரோப்பாவிலிருந்து வந்த செடி, கிட்டத்தட்ட நம்ம ஊர் சீமைக்கருவேலத்தின் அண்ணன். அடியில் வேறெதையும் வளரவிடாது. மற்ற மரமெல்லாம் இலை உதிர்த்த பிறகும் அது மட்டும் பச்சையாக நிற்கும், அப்போது அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வெட்டியவுடன் கட்டையில் களைக்கொல்லி பூச வேண்டும், இல்லையென்றால் ஒன்று போய்ப் பத்தாகத் துளிர்க்கும். இன்னும் முடிந்தபாடில்லை.

செலவே இல்லாத வேலை ஒன்று உண்டு, அதுதான் கஷ்டம்: நீங்கள் உள்ளே போகாமல் இருப்பது. நிலத்தில் பாதியை யாரும் நுழையாத இடம் என்று வைத்தோம். அடிபட்ட மானைத் தேடுவதென்றால் மட்டும் விதிவிலக்கு. கேமராவில் கார்டு மாற்ற வாரா வாரம் போய்க்கொண்டிருந்ததை நிறுத்தி, போனுக்குப் படம் அனுப்பும் கேமராவாக மாற்றினோம். சாயங்காலம் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து ஓடைப் பக்கம் இறங்கும், நம் வாடையையும் தூக்கிக்கொண்டு. ஆகவே சாயங்கால வேட்டைக்கு மேட்டில் ஏறி உட்கார்ந்தால் கீழே படுத்திருப்பதெல்லாம் எழுந்து போய்விடும். நாங்கள் ஓடைத் தண்ணீரிலேயே நடந்து கீழ்ப்பக்கமாகப் போய் உட்காருகிறோம்.

சரி, விதை. ரோட்டோர வயலை விட்டுவிட்டு, புதருக்கும் ஓக் மேட்டுக்கும் நடுவில் கால் ஏக்கர் நீளவாக்கில் ஒரு துண்டு. மண் பரிசோதனை, சுண்ணாம்பு, பிறகு மார்ச்சில் குளோவரை வெறும் மண்மேல் தூவிவிட்டால் போதும். ராத்திரி உறைந்து பகலில் இளகும் மண் வெடிப்புவிட்டு விதையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகஸ்ட் கடைசியில் குளிர்கால ரை என்ற தானியமும் ஓட்ஸும். கொம்பு படம் போட்ட பை தேவையில்லை, தீவன மில்லில் மூட்டையாக வாங்குங்கள். நடுவில் ஒரு கம்பிக்கூண்டு வையுங்கள். கூண்டுக்குள் முழங்கால் உயரமும் வெளியே கட்டாந்தரையுமாக இருந்தால், நிலம் தாங்கும் அளவுக்கு மேல் மான் இருக்கிறது என்று அர்த்தம்.

சோளத்தைக் குவித்துப் போடலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். வேண்டாம். இந்த மாநிலத்தில் 2002-ல் மானைக் கொல்லும் நாள்பட்ட நலிவு நோய் கண்டுபிடித்தார்கள். பிரியான் என்ற கெட்டுப்போன புரதத்தால் வருவது, மருந்து கிடையாது, ஒரே இடத்தில் வாய் வைத்தால் பரவும். அதனால் பல கவுன்ட்டிகளில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இரை போடுவதே தடை, உப்புக்கட்டிக்கும் சேர்த்து. பயிராக விதைத்து நிற்பது அந்தத் தடையில் வராது. உங்கள் கவுன்ட்டி நிலவரத்தை ஒவ்வொரு வருஷமும் துறையின் தளத்தில் பாருங்கள்.

இன்னொன்று. ஒரு மான் சுற்றும் வட்டம் சாதாரணமாகவே ஒரு சதுர மைல் வரும், அதாவது 640 ஏக்கர். உங்கள் 20 ஏக்கர் அதில் ஒரு மூலை. அதனால் "என் மான்" என்று எதுவும் இல்லை. அக்கம்பக்கத்தாரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெண் மானையும் சுடுங்கள். கொம்புக்காகவே காத்திருந்தால் புதரெல்லாம் கூண்டுக்கு வெளியே இருந்த குளோவர் மாதிரி ஆகிவிடும். இந்தச் சண்டை இங்கே பழையது. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்டோ லியோபோல்ட், மான் பெருகிக் காட்டையே தின்கிறது என்று சொல்லி 1943-ல் கொம்பில்லாத மானைச் சுடவும் அனுமதித்ததை ஆதரித்தார். வேட்டைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் "43-ஆம் வருஷக் குற்றம்".

சுட்ட மானின் தலையை நோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வையுங்கள். முதல் மானை ஆட்டுக்கறி என்று நினைத்துக் குக்கரில் ஏழு விசில் விட்டோம், முதுகுக்கறி செருப்புத்தோலாகிவிட்டது. துளிக் கொழுப்பு இல்லாத கறி அது. முதுகை மெல்லிசாக அரிந்து, நல்லெண்ணெயில் மிளகோடு ஐந்து நிமிஷம் புரட்டினால் போதும், குக்கரெல்லாம் தொடைக்கறிக்குத்தான். பக்கத்து நிலத்துப் பெரியவருக்கு ஒவ்வொரு டிசம்பரும் ஒரு டப்பா மிளகு வறுவல் போகும். அவர் டப்பாவை வெறுமனே திருப்பித் தந்ததில்லை, உள்ளே சீஸ் இருக்கும்.