மிரளும் நாம்பனுக்கு எந்தக் கயிறு?

முல்லைத்தீவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் மூன்று வயது நாம்பன் வயலுக்குள் சாது. வண்டிலில் பூட்டித் தார் வீதிக்கு ஏற்றினால், பஸ் ஹோர்ன் கேட்டதும் பாய்கிறது. பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலுக்கு வண்டிலில் போக ஆசை. நாணயக் கயிற்றை (மூக்கணாங்கயிற்றை) கழற்றி, மெல்லிய நைலோன் கயிறு போட்டால் அடங்கும் என்கிறார்கள். போடலாமா?"

போடாதீர்கள். மெல்லிய நைலோன் மூக்கை அறுக்கும். பஸ்ஸுக்குப் பயந்த மாடு, பஸ் வந்தால் மூக்கும் வலிக்கும் என்று மனதில் பதித்துக்கொள்ளும். அப்புறம் ஹோர்ன் அடிக்க முன்பே பாயும். அடங்காது என்று என்னிடம் கொண்டுவரும் மாடுகளில் நான் முதலில் பார்ப்பது மூக்கைத்தான். பாதிக் குழப்படி அங்கேதான் இருக்கும்.

நாளைக் காலை அது படுத்து அசைபோடும்போது பக்கத்தில் குந்தியிருந்து, டோர்ச் அடித்து இரண்டு நாசியையும் பாருங்கள். கயிறு ஓடும் துளை காய்ந்து, சுற்றிலும் தோல் வழுவழுப்பாக இருந்தால் நல்லது. சிவப்போ சீழோ நாற்றமோ இருந்தால் வண்டிலில் பூட்டாதீர்கள். இலையான் மொய்த்துப் புழு வைக்க இரண்டு நாள் போதும். மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், முழுதாக ஆறட்டும்.

கயிறு சுண்டுவிரல் பருமனில், மெத்தென்ற பருத்தி நூலில் திரித்ததாக இருக்கட்டும். கொம்புக்குப் பின்னால் முடிச்சுப் போட்டபின் கன்னத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பாருங்கள், தாராளமாகப் போக வேண்டும். மாடு தலை குனிந்து மேயும்போது மூக்கு இழுபடக் கூடாது. நாள் முழுக்க இழுபட்டுக்கொண்டே இருக்கும் மூக்கு மரத்துவிடும், பிறகு நீங்கள் இழுப்பது அதற்கு உறைக்காது. ஓட்டும்போதும் அப்படித்தான். இழுங்கள், மாடு வேகத்தைக் குறைத்த அந்த நொடியே விடுங்கள். விடுவதில்தான் அது பாடம் படிக்கிறது.

சரி, கயிறு சரியாகிவிட்டது. இனி வண்டிலைப் பாருங்கள். பாரம் பின்னுக்குப் போனால் நுகம் மேலே கிளம்பும், பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். மூச்சு முட்டுகிற மாடு பாயத்தானே செய்யும்? முன்பாரம் கூடினால் கழுத்தில் புண். நாலு பேரை ஏற்றிவிட்டு நுகத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள், கழுத்தில் மெல்லத் தங்கும் அளவுதான் பாரம் வேண்டும். ஆடும் பலகையை இறுக்குங்கள், அச்சுக்குக் கிறீஸ் பூசுங்கள். மாட்டுக்குப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட எல்லாமே தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து வரும் கடகடப்பு அதை நடுங்க வைக்கும்.

குதிரைக்குப் போல் கண்மறைப்புக் கட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் கட்டுவதில்லை. பார்த்துப் பழகினால்தான் பயம் போகும்.

நம் வீதியில் வாகனங்கள் வலப்பக்கமாகத்தான் முந்தும். எனவே நிதானமான கிழட்டு மாட்டை வலப்பக்கமும் நாம்பனை இடப்பக்கமும் பூட்டுங்கள். இதுவரை வலப்பக்கம் நின்று பழகியது என்றால், முதல் சில நாள் வயல் வரம்பிலேயே வெறும் வண்டிலை இழுக்க விடுங்கள்.

அப்புறம் சத்தத்துக்குப் பழக்குவது. லாண்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை) ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் ஓடியபடியே ஓரிடத்தில் நிற்க விட்டு, நாம்பன் காது விறைக்காத தூரத்தில் வைக்கோல் போடுங்கள். அது நிம்மதியாகத் தின்றால் அடுத்த நாள் நாலு அடி கிட்டே. தலை தூக்கி மூச்சுச் சீறினால் பழைய தூரத்துக்குத் திரும்புங்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று தின்னும் நாள் வந்தபிறகுதான் தார் வீதி. அதுவும் விடியற்காலையில், தலைக்கயிற்றைப் பிடித்து ஒருவர் கூடவே நடக்க வேண்டும்.

இதற்கு ஐந்தாறு வாரமாவது வேண்டும். உத்தரம் அதற்குள் வந்துவிட்டால், இந்த முறை வேறு சோடியைப் பூட்டிப் போங்கள்.