தொலைந்த கட்டுரையும் இல்லாத கட்டுரையும்

அன்பின் அக்கா,

கிளிநொச்சியில் ஒரு நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். ஒப்படை செய்யும் பிள்ளைகள் சாட்ஜிபிடி தந்த உசாத்துணைப் பட்டியலோடு வருகிறார்கள். இரணைமடுக் குளம் பற்றி ஐந்து கட்டுரை கேட்டால் ஐந்துமே எங்களிடம் இல்லை. 2009இல் தொலைந்தவற்றில் இவையும் இருந்தனவா என்று மனம் கிடந்து அடிக்கிறது. எப்படி அறிவது?

அன்பின் தங்கைக்கு,

உங்கள் நூலகத்தில் பிழை இல்லை. இணையத்தில் தேடாமல் பதில் சொல்லும்போது அந்தக் கருவி எந்த நூற்பட்டியலையும் பார்ப்பதில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து வரக்கூடிய சொற்களை அடுக்குகிறது. ஆய்வாளரும் சஞ்சிகையும் உண்மையாக இருக்கலாம், கட்டுரை மட்டும் இராது.

கட்டுரைக்கென்று தரப்படும் நிலையான அடையாள எண்ணான, 10 என்று தொடங்கும் டிஓஐ எண் இருந்தால் அதை டிஓஐ டொட் ஓர்க் தளத்தில் இடுங்கள். எண்ணே இல்லை என்று வந்தால் வேலை சுலபம். வேறொரு கட்டுரை திறப்பதுதான் ஆபத்து; இணைப்பு திறந்ததுமே பிள்ளைகள் சரியென்று நம்பிவிடுகிறார்கள். தலைப்பை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

எண் இல்லாவிட்டால் பட்டியல் சொல்லும் சஞ்சிகைத் தொகுதியின் உள்ளடக்கத்தை எடுத்து, சொன்ன பக்கத்தில் யாருடைய கட்டுரை இருக்கிறது என்று பாருங்கள். அந்த ஆண்டில் சஞ்சிகையே தொடங்கியிராததும் உண்டு.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலரில் தலைப்பு தெரிவது போதாது. தலைப்புக்கு முன் சதுர அடைப்புக்குள் ‘சைட்டேஷன்’ என்றிருந்தால், யாரோ தம் பட்டியலில் அதைப் போட்டிருக்கிறார் என்றுதான் பொருள். பொய்யான ஓர் உசாத்துணையை நான்கு பேர் பார்த்தெழுதினால் அதுவும் அங்கே ஏறிவிடும்.

நம் மண்ணில் இதற்கு மேலும் ஒரு சிக்கல். கோயில் மலர், பாடசாலை மலர், சங்க அறிக்கை என்று டிஓஐ காணாதவையே அதிகம். அவற்றில் பல இடப்பெயர்வில் உண்மையாகவே போய்விட்டன. ஆனால் தொலைந்ததற்குத் தடம் இருக்கும்: பழைய ஆய்வேட்டின் அடிக்குறிப்பு, வேறு நூலகத்தின் பட்டியல், ஈழத்து வெளியீடுகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ நிறுவனத்தின் மின்பிரதி. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பரில். அதற்கு முன் அச்சான ஏதாவதொன்றில் அந்தத் தலைப்பு இருந்தால் தொடர்ந்து தேடுங்கள். பின்னர் வந்தவற்றில் மட்டும் இருந்தால் சந்தேகியுங்கள்.

பிள்ளையிடம் வெறுங்கையை விரிக்காதீர்கள். தேடிய இடங்களையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். பிரதியை ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள். அதே பொய்த் தலைப்பு அடுத்த தவணையும் வரும். இரணைமடுவுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பழைய நிருவாக அறிக்கைகளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.