மே மாதம் முழுக்கப் புல் வெட்டாமல் விட்டால் தேனீக்களுக்கு நல்லது என்கிறார்களே, கோத்தகிரி வீட்டு லானுக்கு அது ஒத்துவருமா?

ஒத்துவரும், ஆனால் லானை மொத்தமாக விட்டுவிடாதீர்கள். நான் அப்படி விட்டுப் பட்டவன்.

நீங்கள் சொல்வதற்கு 'நோ மோ மே' (மே மாதம் புல் வெட்டாதே) என்று பேர், 2019-இல் பிரிட்டனில் காட்டுச் செடிகளைக் காக்கும் பிளான்ட்லைஃப் அமைப்பு தொடங்கியது. அங்கே புல்தரைப் பூக்களுக்கு அதுதான் காலம். நம் ஊரில் பனியில் கருகிய புல், சித்திரையில் ரெண்டு கோடை மழை விழுந்ததும் திமுதிமுவென்று கிளம்பிவிடும். ஆகவே காலண்டரை விட்டுவிட்டு மழையைப் பாருங்கள்.

இன்னொரு சங்கதி, இங்கே பெரும்பாலும் லானில் இருப்பது கிக்குயு புல். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. காற்றில் மகரந்தம் பரப்புகிற புல் என்பதால் அதில் தேன் கிடையாது. அதைத்தான் நான் ஒரு வருஷம் முழங்கால் உயரத்துக்கு வளர்த்தேன். தேனீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் வெட்டப்போனால் மிஷின் திணறி நின்றது, அடியில் மஞ்சள் கட்டைதான் மிச்சம்.

தேனீ வருவது புல்லுக்கு இடையில் முளைக்கும் வெள்ளை குளோவர் என்கிற சின்னச் செடிக்கு. இதையும் புளியாரையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் மூன்று இலைதான். புளியாரை இலை இதயம் மாதிரி, மென்றால் புளிக்கும். குளோவர் இலையில் பெரும்பாலும் வெளிறிய வளைகோடு ஒன்று இருக்கும். வெயில் ஏறியதும் அதன் பக்கத்தில் குந்திப் பாருங்கள். பந்து போன்ற பூவில் நிமிர்ந்து நிற்கும் சின்னப் பூக்கள் இன்னும் தேனீக்குக் காத்திருப்பவை. மகரந்தம் சேர்ந்தவை பழுப்பாகிக் கீழே மடிந்துவிடும், பாவாடை கட்டியதுபோல. எங்கள் வீட்டில் வருவது அநேகமாக அடுக்குத் தேனீதான். வெளிநாட்டுப் படங்களில் குளோவர் மேல் உட்கார்ந்திருக்கும் குண்டு பம்பிள் தேனீயைத் தேடாதீர்கள், தென்னிந்தியாவில் அது இல்லை.

இப்போது நான் செய்வது இதுதான்: குளோவர் திட்டுகளை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் கிக்குயுவை வெட்டிக்கொண்டே இருப்பேன். வெட்டிய ஓரம் தெரிந்தால், 'ஏன் தோட்டத்தைக் கவனிக்காமல் போட்டுவிட்டீர்கள்?' என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைகளைச் செருப்பில்லாமல் அந்தப் பக்கம் விடாதீர்கள், கொட்டும். உண்ணிச்செடி, பார்த்தீனியம் முளைத்தால் தேனீயைக் காரணம் காட்டாமல் உடனே பிடுங்கிவிடுங்கள்.

போன வருஷம் ஆசையாக விட்ட திட்டை ஒரே ராத்திரியில் காட்டெருமை வந்து மேய்ந்துவிட்டுப் போனது. சாணியைத்தான் மிச்சம் வைத்தது.