பத்துப் பேர் அலுவலகம் முதல் இரண்டாயிரம் பேர் கல்லூரி வரை: மெயில் கேட்வேயை எப்படித் திட்டமிடுவது?

பத்துப் பேர், நூற்றைம்பது பேர், இரண்டாயிரம் பேர் என்று மூன்று அளவுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எந்த கேட்வே (மெயில் சர்வருக்கு முன்னால் நின்று மெயிலைச் சோதித்து வடிகட்டும் சர்வர்), எவ்வளவு நினைவகம் என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் இருந்துகொண்டு தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று சுற்றுவட்டாரத்து நிறுவனங்களுக்கு 15 ஆண்டுகளாக மெயில் சர்வர் பராமரித்து வருகிறேன். யார் வந்தாலும் ஆள் கணக்குக்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: "சந்தேகப்பட்டு நிறுத்திவைத்த மெயில்களைத் தினமும் காலையில் திறந்து பார்க்கப்போவது யார்?" ஒரு பெயர் வர வேண்டும். வராவிட்டால் தனி கேட்வே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

பழைய வீடு ஒன்றை விடுதியாக நடத்துபவர்களுக்கு நான் அமைத்துக்கொடுத்த கேட்வேதான் இதைக் கற்றுத்தந்தது. மொத்தம் 20 முகவரிகள். சந்தேகத்துக்குரிய மெயில் எல்லாம் குவாரண்டைனுக்கு, அதாவது தனியே நிறுத்திவைக்கும் இடத்துக்கு, போகும்படி கண்டிப்பாக வைத்திருந்தேன். அதைப் பார்த்துவந்த மேலாளர் வேலையை விட்டுப் போனார். அடுத்து வந்தவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிரான்சிலிருந்து வந்த ஒரு குழுவின் முன்பதிவுக் கடிதம் 11 நாள் அங்கேயே கிடந்தது. அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். விடுதியை நடத்தும் ஆச்சி என்னைத் திட்டவில்லை. "தம்பி, வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டோமே" என்றார். அந்த வார்த்தை இன்னும் மனதை அறுக்கிறது.

பத்துப் பேர் இருக்கும் டைல்ஸ் பட்டறைக்கோ பலகாரக் கடைக்கோ கூகுள், மைக்ரோசாஃப்ட், சோஹோ போன்றவர்களின் கட்டணச் சேவையும் அதில் உள்ள வடிகட்டியுமே போதும். அலுவலக பிராட்பேண்டில் சொந்த சர்வர் வைக்க ஆசைப்படாதீர்கள். அத்தகைய இணைப்புகள் பலவற்றில், சர்வர்களுக்கிடையே மெயில் போய்வரும் வழியான 25ஆம் போர்ட் அடைத்திருக்கும். ஐபி முகவரி மாறிக்கொண்டிருக்கும். அந்த ஐபி யாருடையது என்று காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பெயரும் உங்கள் கையில் இருக்காது. நீங்கள் அனுப்பும் விலைப்பட்டியல் போய்ச் சேராது. மிச்சமாகும் நேரத்தில் உங்கள் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், மெயிலின் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் டிகிம், இவை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் ஆகிய மூன்று டிஎன்எஸ் பதிவுகளையும் சரியாகப் போட்டு, எல்லாக் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

நூற்றைம்பது பேர் என்னும்போதுதான் யோசிக்க வேண்டியது நிறைய. பள்ளிக் குழுமங்களும் ஆலைகளும் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன. மெயில் பெட்டிகள் வளாகத்துக்குள் இருக்கட்டும்; கேட்வேயை மட்டும் நல்ல தரவு மையத்தில் ஒரு மெய்நிகர் சர்வராக வையுங்கள். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், ஸ்பாமை வடிகட்டும் ஆர்ஸ்பாம்டி, வைரஸைத் தேடும் கிளாம்ஏவி மூன்றும் சேர்ந்த அமைப்போ, எல்லாம் சேர்ந்தே வரும் புராக்ஸ்மாக்ஸ் மெயில் கேட்வேயோ போதும். நினைவகம் 8 ஜிபி வாங்குங்கள். கிளாம்ஏவியின் வைரஸ் அடையாளப் பட்டியல் மட்டுமே 1 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். வளாகத்தில் மின்சாரம் போனாலும் கேட்வே மெயிலை வரிசையில் வைத்துக் காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான காத்திருப்புக் காலம் 5 நாள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். நம் வீடுகளில் யார், எதற்கு வந்தார் என்ற விசாரணை முகப்பிலேயே முடிந்துவிடும். வளவு (வீட்டின் உள்முற்றம்) வரை அழைத்துவந்து உட்காரவைத்த பிறகு வெளியே போகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. மெயிலும் அப்படித்தான். இல்லாத முகவரிக்கு வரும் மெயிலை, அனுப்பும் சர்வருடன் இணைப்பு திறந்திருக்கும்போதே கேட்வே மறுத்துவிட வேண்டும். அதற்கு உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்ற முகவரிப் பட்டியல் கேட்வேயிடம் இருக்க வேண்டும். பட்டியல் இல்லாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பிறகு "அப்படி ஒருவர் இல்லை" என்று திருப்பி அனுப்பினால், அந்தத் தகவல் போகும் அனுப்புநர் முகவரியே பெரும்பாலும் போலியாக இருக்கும். சம்பந்தமே இல்லாத ஒருவருடைய பெட்டியில் உங்கள் சர்வர் குப்பை கொட்டும். சில நாளில் உங்கள் ஐபி கறுப்புப் பட்டியலுக்குப் போய்விடும்.

கேட்வே வைத்த பிறகும் உள்ளே இருக்கும் சர்வரின் 25ஆம் போர்ட்டை உலகத்துக்கே திறந்துவைத்திருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். முகப்பில் காவலாளை நிறுத்திவிட்டுப் பின்கட்டுக் கதவைத் திறந்துவைத்தது போலத்தான். கேட்வேயின் ஐபியிலிருந்து மட்டும் வாங்கும்படி ஃபயர்வாலைக் கட்டுங்கள்.

இரண்டாயிரம் பேருக்கு இரண்டு கேட்வே வேண்டும். வெவ்வேறு இடங்களில், ஒரே அமைப்பில், ஒரே எம்எக்ஸ் (வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) முன்னுரிமையில் வையுங்கள். இரண்டாவதை வடிகட்டி இல்லாத வெறும் மாற்று சர்வராக விட்டால் ஸ்பாம் அனுப்புபவர்கள் அதைத்தான் தேடி வருவார்கள். வேகத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒருவருக்கு நாளைக்கு 30 மெயில் என்று வைத்தால் மொத்தம் 60,000. அதில் மூன்றில் ஒரு பங்கு காலை இரண்டு மணி நேரத்தில் வந்தாலும் நொடிக்கு மூன்றுகூட ஆகாது. மறுக்கப்படும் இணைப்புகள் இதைப் போலப் பல மடங்கு இருக்கும் என்பதால், உங்கள் சர்வரின் பதிவேட்டில் (லாக்) ஒரு வாரத்து எண்ணிக்கையை எடுத்துக் கணக்கிடுங்கள்.

இந்த அளவில் எனக்குக் கவலை தருவது வெளியே போகும் மெயில்தான். ஒரு மாணவரின் கடவுச்சொல் திருடுபோனால் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் ஸ்பாம் கிளம்பும். ஒரு கணக்கு மணிக்கு இத்தனைதான் அனுப்பலாம் என்ற வரம்பு கட்டாயம் தேவை. தேர்வு அறிவிப்பு போன்ற மொத்த மெயில்களைத் தனித் துணை டொமைனிலிருந்து, தனி ஐபியில் அனுப்புங்கள். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் கேட்கிறது. எஸ்பிஎஃப் பதிவில் டிஎன்எஸ் தேடல் 10ஐத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு துறையும் ஒரு சேவையைச் சேர்த்துக்கொண்டே போனால் சத்தமில்லாமல் தாண்டிவிடும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன்னின் 2022 உத்தரவையும் மனதில் வைத்து வட்டின் அளவைத் தீர்மானியுங்கள்.

மாற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே எம்எக்ஸ் பதிவின் டிடிஎல் அளவை (மற்றவர்கள் அந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். பழைய வழியையும் ஒரு வாரம் திறந்துவைத்து, அதில் மெயில் வருவது நின்ற பிறகு மூடுங்கள். டிமார்க்கை முதல் நாளே நிராகரிப்பு நிலைக்குக் கொண்டுபோகாமல், சில வாரம் அறிக்கைகளைப் படித்த பிறகு இறுக்குங்கள். இப்போது எந்த சர்வர் ஓடுகிறது, ஒரு வாரத்து இணைப்பு எண்ணிக்கை எவ்வளவு, தினமும் குவாரண்டைனைப் பார்க்கப்போவது யார் என்ற மூன்றையும் கருத்துப் பகுதியில் எழுதினால் உங்களுக்கான கணக்கைப் போட்டுத் தருகிறேன்.